தடி தாண்டிப் போன பெண்கள்

முடிச்சூரில் தடிக்காரர் வூடு எது என்று கேட்டால் இன்றைக்கும் ஷேர் ஆட்டோக்காரன் கை காட்டிவிடுவான். வயல் மனையாகி, மனை மாடியாகி, மாடியில் ஊர் பேர் தெரியாதவர்கள் குடிவந்து வருஷம் பல ஆயிற்று. ஆனாலும் அந்தப் பேர் போகவில்லை. பழைய பட்டாவில் தடிக்கார பொன்னுசாமி என்றுதான் எழுதியிருக்கிறது. கல்யாணப் பத்திரிகையில் வகையறா போடுகிற இடத்திலும் அதுதான். முடிச்சூரில் ஒன்பது தலைக்கட்டு, வரதராஜபுரத்தில் நாலு, மண்ணிவாக்கத்தில் மூன்று, படப்பைக்குப் பிழைக்கப் போனது இரண்டு, ஆகப் பதினெட்டு. பதினெட்டும் ஒன்றுக்கொன்று பங்காளி. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் மற்ற பதினேழு வீட்டுக்கும் தீட்டு.

பேர் வந்த கதையை அந்த வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து ஒரு ஆள் வந்தானாம். ஏரிக் காவலுக்கு அவனை வைத்து, பித்தளைப் பூண் போட்ட ஒரு தடியைக் கையில் கொடுத்தார்களாம். ஒரு ஐப்பசி மழையில் அவன் கரையில் அசந்து தூங்கிவிட, ஏரி உடைந்து ஊருக்குள் வந்துவிட்டதாம். பிள்ளையைப் பறிகொடுத்த ஒருத்தி, 'கரையில நிக்காத உன் காலு உன் வம்சத்துல எவனுக்கும் நிக்காம போவட்டும்' என்று மண்ணை வாரித் தூற்றினாளாம்.

அது கதையோ என்னவோ, கால் நிற்காமல் போனது நிஜம். அந்த வீட்டு ஆண்களுக்கு நாற்பது, நாற்பத்தைந்து ஆனால் நடை கோணும். முதலில் செருப்பு காலில் தங்காது. பிறகு சுவரைப் பிடிப்பார்கள். பேச்சு குழறும், கையெழுத்து கோழி கிளறினது போல ஆகும். கடைசியில் தண்ணீர்கூடப் புரையேறும். எல்லோருக்கும் வராது. ஒரு வயிற்றில் பிறந்த நாலு பேரில் இரண்டு பேருக்கு வரும், இன்னொரு வயிற்றில் ஒருத்தருக்கும் வராது. வந்தவர்களை ஊர் குடிகாரன் என்றது. வீடு சாபம் என்றது.

சாபம் பேர் உள்ளவனுக்குத்தானே? பேர் இல்லாதவர்களுக்கு இல்லையே? அதனால் அந்த வீட்டுப் பெண்களுக்கு ஒரு சாங்கியம் வைத்திருந்தார்கள். கல்யாணமாகிப் புருஷன் வீட்டுக்குக் கிளம்பும்போது, குலசாமியிடம் இருக்கிற தடியைக் கொண்டுவந்து நிலைப்படியில் கிடத்துவார்கள். பெண் அதைத் தாண்டிப் போகவேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது. தாண்டிவிட்டால் அவள் தடிக்காரி இல்லை. வகையறா நோட்டில் அவள் பேர் ஏறாது. அவள் பெற்றது அவள் புருஷன் வகையறாவோடு போய்விடும், இந்த வீட்டுச் சாபம் வாசலோடு நின்றுவிடும்.

கிளியம்மாள் தடியைத் தாண்டியது இருபத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், ஒரு வைகாசியில். மற்றப் பெண்கள் அழுதுகொண்டே தாண்டுவார்கள். இவள் அழவில்லை. ஒரு கஞ்சிக் கவளம் தொண்டையில் அடைத்து, கண் பிதுங்கி, தன் மடியிலேயே அப்பன் செத்ததைப் பத்தொன்பது வயதில் பார்த்தவள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, பள்ளம் தாண்டுகிறவள் மாதிரி எட்டி வைத்துத் தாண்டினாள். "இன்னாடி இது, ஓடறா மாரி போற?" என்று கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

வாக்கப்பட்டது மாடம்பாக்கத்தில். புருஷன் தேவானந்தம் தாம்பரத்துக்கும் மாடம்பாக்கத்துக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். சத்தம் போடாத மனுஷன். ஜெயஸ்ரீ என்று ஒரே பெண். கிளியம்மாள் பால் போட்டாள். விடிகாலை நாலரைக்குப் பால் பாக்கெட் அடுக்கின டப்பு வந்து இறங்கும், ஏழு மணிக்குள் ஐந்து அபார்ட்மென்டில் நூற்றிப் பத்து வீட்டுக்குப் பாக்கெட் போய்ச் சேரவேண்டும். லிப்ட் இல்லாத கட்டடம் மூன்று. எந்த மாடிப்படியில் எத்தனை படி, எந்தப் படியில் டைல்ஸ் பெயர்ந்திருக்கிறது என்று இருட்டிலும் அவள் காலுக்குத் தெரியும். ஐம்பது வயதிலும் இரண்டு கையிலும் பையோடு படி ஏறுவாள். நாலாவது மாடி ராகவேந்திரா சார், ரயில்வேயில் இருந்து ஓய்வானவர், "உங்க காலுக்கு இன்சூரன்ஸ் எடுத்து வெய்யிங்கம்மா" என்பார். அதைக் கேட்க அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். எதற்கு என்று அவருக்குத் தெரியாது.

ஜெயஸ்ரீக்கு இருபத்தொரு வயது நடக்கும்போது கூடப்பிறந்த அண்ணன் சக்திவேல் தட்டு எடுத்துக்கொண்டு பெண் கேட்டு வந்தான். அவன் மகன் விக்கிக்கு இவள் முறைப்பெண். கேட்க உரிமை உள்ளவன்தான். மரியாதையாக வேட்டி கட்டி, பழம் பூ வெற்றிலையோடு வந்தான். கிளியம்மாள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டைத் திறந்து உள்ளே வந்தவன் காலில் ஒரு செருப்புத்தான் இருந்தது. இன்னொன்று தெருவிலேயே கழன்று கிடந்தது. அவனுக்கு அது தெரியவே இல்லை. அப்போதே அவள் முடிவு பண்ணிவிட்டாள்.

"ஏம்மா கிளி, எம் புள்ளைக்கு இன்னா கொறச்சல்? படிச்சிகீறான், கம்பெனிக்கு போயிகினு கீறான். குடி கெடயாது, பீடி கெடயாது."

"கொறச்சல்னு யாருண்ணா சொன்னது?"

"அப்பறம் இன்னாத்துக்கு மூஞ்ச தூக்கினு நிக்கிற?"

"நான் தாண்டி வந்துட்டேண்ணா. எம் பொண்ண மறுபடி அந்த வாசலுக்கு உள்ள அனுப்பச் சொல்றியா?"

சக்திவேலுக்குப் புரிந்துவிட்டது. தட்டை எடுக்காமலே எழுந்தான். "நம்ப அப்பனுக்கு வந்தா எனக்கும் வரணுமா? உன் வாயாலயே சொல்லிட்ட இல்ல, நல்லா இரு" என்று போனவன்தான். ஐந்து வருஷம் பேச்சு இல்லை. அந்த ஐந்து வருஷத்தில் அவன் கம்பெனி வேலை போயிற்று. தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலப் படியில் உருண்டு விழுந்தவனை, பட்டப்பகலில் குடித்துவிட்டுக் கிடக்கிறான் என்று நாலு பேர் செல்போனில் படம் பிடித்தார்கள். கிளியம்மாள் காதுக்கும் வந்தது. கோயிலுக்குப் போய் அழுதாள், அண்ணன் வீட்டுக்குப் போகவில்லை.

பெண்ணுக்குத் தூரத்தில், சம்பந்தமே இல்லாத இடத்தில் பார்க்கவேண்டும் என்பது அவள் வைராக்கியம். ஜெயஸ்ரீ படித்து சேலையூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராகச் சேர்ந்த பிறகு, அகரம்தென்னிலிருந்து ஒரு இடம் வந்தது. தூரம் கொஞ்சம்தான், ஆனால் வகையறா வேறு, குலசாமி வேறு. எட்டியாத் தோப்பு வகையறா. பையன் பேர் ஹரிகரன், கார் கம்பெனியில் சூப்பர்வைசர். அப்பன் இல்லை, குடித்துக் குடித்துச் செத்தானாம். அம்மா கங்கம்மா கறாரான பொம்பளை, ஆனால் கெட்டவள் இல்லை. ஜெயஸ்ரீக்கும் பிடித்துப் போயிற்று. அவன் போன் பண்ணினால் மொட்டை மாடிக்கு ஓடுவாள்.

நிச்சயத்துக்கு முன்னால் கிளியம்மாள் செய்த முதல் வேலை, பெரியப்பா மகன் சம்பந்தம் அண்ணனிடம் கேட்டதுதான். தடிக்காரர் வீட்டில் அறுபத்தெட்டு வயதிலும் கம்பு மாதிரி நடக்கிறவர் அவர். வகையறா நோட்டு இரண்டாயிரத்துப் பதினைந்து வெள்ளத்தில் பீரோவோடு ஊறிக் கூழாகிப் போன பிறகு, பதினெட்டு வீட்டுக் கணக்கும் அவர் தலையில்தான் இருக்கிறது. எங்கே பெண் எடுத்தாலும் கொடுத்தாலும் பங்காளியா, மாமன் மச்சானா என்று அவரைக் கேட்டுத்தான் தாம்பூலம் மாற்றுவார்கள்.

அவர் கங்கம்மாவின் கொழுந்தனைக் கூப்பிட்டு, அப்பன், பாட்டன், முப்பாட்டன் என்று ஏழு தலைமுறை கேட்டார். எல்லாம் ஆண் பேர். கேட்டு முடித்து, "நமக்கும் அவங்களுக்கும் எந்தக் காலத்துலயும் ஒட்டு கெடயாது கிளி. தாராளமா செய்" என்றார்.

நிச்சயம் முடிந்தது. ஆவணியில் முகூர்த்தம்.

ஆனி மாதம் ஒரு காலையில், மூன்றாவது கட்டடத்தில், நூறு தடவை ஆயிரம் தடவை ஏறின அதே படியில், கிளியம்மாளின் கால் படிக்கு ஒரு விரற்கடை முன்னால் போய் இறங்கியது. பால் பாக்கெட் நாலு உடைந்தது. முழங்கை சிராய்த்தது. புடவை தடுக்கிற்று என்று வாட்ச்மேனிடம் சொன்னாள். மறுவாரம் மறுபடி. அதற்கப்புறம் ஒரு கையைக் காலியாக வைத்துக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்து ஏறத் தொடங்கினாள். நூற்றிப் பத்து வீட்டுக்கு ஒன்பது மணி ஆயிற்று. "இன்னாமே, வயசு ஆயிடுச்சா உனக்கு?" என்று தேவானந்தம் கேலி பண்ணினான். "ஆமா, உனக்கு மட்டும் எளமை திரும்புது" என்றாள். அவள் மனசில் பயம் வரவில்லை என்று இல்லை. வந்தபோதெல்லாம், நான்தான் தாண்டிவிட்டேனே என்று சொல்லிக்கொண்டாள். வைட்டமின் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

அந்தச் சமயம்தான் சம்பந்தத்திடமிருந்து போன் வந்தது.

"கிளி, சக்திய விக்கி பட்டணத்து பெரிய ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போயிகீறான். ரத்தத்த வாங்கி என்னாவோ பாத்தாங்களாம். குடும்பத்த பத்தி தெரிஞ்சவங்க வரணும்னு சொல்றாங்க. எனக்கு அந்த ஆஸ்பத்திரியில கண்ணக் கட்டி வுட்டா மாரி. நீயும் வா. எத்தினி நாளைக்கு மூஞ்ச திருப்பிகினு இருப்பீங்க?"

மனசு கேட்காமல் போனாள். தாம்பரத்தில் மின்சார ரயில் பிடித்தார்கள். பிளாட்பாரத்துக்கும் வண்டிக்கும் நடுவே இருக்கிற இடைவெளியைத் தாண்டக் கால் வைக்கும்போது, சம்பந்தத்தின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் பியூலா என்று ஒரு இளம்பெண். டாக்டர் இல்லை, குடும்பத்தில் வருகிற வியாதியைப் பற்றி உட்காரவைத்துச் சொல்கிறவள். பெரிய தாளில் சின்னச் சின்னதாகப் படம் போட்டாள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். சக்திவேல் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். தங்கையைப் பார்த்ததும் முகம் கோணியது. அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியவில்லை. விக்கி அவன் வாயோரம் துடைத்தான்.

சம்பந்தத்துக்கு இப்படி ஒரு ஆள் கேட்டுக் குறிப்பெடுப்பது வாழ்க்கையில் முதல் தடவை. நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார். காஞ்சிபுரத்திலிருந்து வந்த முதல் ஆள் தொடங்கி, அவன் மகன்கள் மூன்று பேர், அவர்கள் மகன்கள் என்று ஒரு மூச்சில் சொல்லிக்கொண்டே போனார். யாருக்குக் கால் போயிற்று, எந்த வயதில், யாருக்குப் போகவில்லை என்று ஒன்று விடாமல் சொன்னார். தாள் முழுக்கச் சதுரமாக நிறைந்தது.

"அந்த முதல் ஆளுக்கு யாருங்க தடி கொடுத்தது?"

"ராஜாங்கத்துல கொடுத்ததும்மா. காவலுக்கு."

சக்திவேல் தொண்டையைக் கனைத்தான். ஒவ்வொரு எழுத்தாகப் பேச்சு வந்தது. "காவ... லுக்கு இல்லண்ணே. நடக்கறதுக்கு." சொல்லிவிட்டுத் தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தான். விக்கி, "யப்பா, சும்மா இருப்பா" என்றான். சம்பந்தத்தின் முகம் செத்துப்போயிற்று.

பியூலா மெதுவாகச் சொன்னாள். "இருக்கலாங்கய்யா. இவர் ரத்தத்துல இருக்கற அடையாளம் தெற்கே வேற சில ஊர்க் குடும்பங்கள்லயும் இருக்கு. ரொம்ப தலைமுறைக்கு முன்னாடி ஒரே ஆளுகிட்ட இருந்து வந்திருக்கணும். அவர் இங்க வரும்போதே அதைக் கொண்டுவந்திருப்பார்."

"தெக்கயா? நாங்க காஞ்சிபுரம்மா. அவங்க இன்னா வகையறா?"

"வேற வேற பேருங்கய்யா. ரத்தத்துக்கு வகையறா தெரியாதே." பிறகு தாளைத் திருப்பிப் பார்த்தாள். "ஏன் இதுல ஒரு வட்டம்கூட இல்ல? பெண்களே பிறக்கலையா உங்க வீட்டுல?"

"பொறந்தாங்க. கொடுத்துட்டோம். அவங்க தாண்டிட்டாங்கம்மா." சாங்கியத்தை விளக்கிச் சொன்னார்.

பியூலா கேட்டு முடித்துப் பேனாவைக் கீழே வைத்தாள். "இது பையனுக்கும் பொண்ணுக்கும் ஒரே மாதிரிதாங்க வரும். அப்பாவுக்கு இருந்தா ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி. கல்யாணம் பண்ணிக் கொடுத்தா போயிடாது. அவங்ககிட்ட இருந்து அவங்க பிள்ளைங்களுக்கும் போகும்."

கிளியம்மாள் தாளைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "தாண்டினா கூடயா?"

"என்னம்மா?"

"ஒன்னுமில்லம்மா. நீ எழுது."

அப்புறம் சம்பந்தம் பெண்களை நினைவுக்குக் கொண்டுவர ஆரம்பித்தார். யாரும் கேட்காததால் அவர் தலைக்குள் அடியில் கிடந்த பேர்கள். தடவித் தடவி, கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார். "எங்க அப்பா கூட பொறந்தது ரெண்டு. ஒன்னு மண்ணிவாக்கத்துக்கு. புள்ள பெத்து வாதம் வந்து படுத்துட்டாங்க. இன்னொன்னு வண்டலூரு. அந்தம்மா முப்பதுலயே காச்சல்ல போயிடுச்சி, பையன்தான் கெணத்துல தவறி வுழுந்துட்டான்." வாதம் என்று சொன்னதும், தவறி விழுந்தான் என்று சொன்னதும் தானாகவே அவருக்கு உறைத்தது. குரல் இறங்கிக்கொண்டே போனது. வட்டங்கள் தாளின் ஓரத்துக்குப் போய், இன்னொரு தாளை ஒட்டவேண்டி வந்தது. "எங்க பாட்டனோட தங்கச்சி முத்தாலு. அதுக்கு ஒரே பொண்ணு, பேரு சின்னப்பொண்ணு. அப்பன் செத்து நம்ப வூட்டுலதான் வளந்துச்சி. அது தடி தாண்டினத நான் பாத்துகீறேன், எனக்கு அஞ்சு வயசு. சீரு விஷயத்துல சண்டையாயி, போக்குவரத்தே இல்லாம போச்சி. அத கொடுத்தது..."

நிறுத்தினார். கண்ணைத் திறந்தார்.

"எங்கண்ணா கொடுத்தது?"

"அகரம்தென்னு."

"அகரம்தென்ல யாரு வூட்டுக்கு?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எட்டியாத் தோப்பு வூட்டுக்கு, கிளி. கங்கம்மா மாமியார் அது. நான் ஆம்பளைங்க பேரத்தான கேட்டேன்."

கிளியம்மாள் தனக்குத் தானே பேசுகிறவள் மாதிரி கேட்டாள். "மாப்பிள்ளையோட அப்பன் குடிச்சி செத்தான்னாங்களே. குடிச்சத யாரு பாத்தாங்க?"

அன்றைக்கே அவள் ரத்தம் கொடுத்தாள். இருபது நாள் கழித்து முடிவு வந்தது. பியூலா கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். இருக்கிறது. மருந்து கிடையாது, உடம்புப் பயிற்சி பண்ணலாம், விழாமல் பார்த்துக்கொள்ளலாம். மகளுக்கு இருக்கிறதா என்று பார்க்க மகள்தான் மனசு வைத்து வரவேண்டும், யாரும் கட்டாயப்படுத்த முடியாது. மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்டதற்கு, அவரையோ அவர் குடும்பத்தையோ பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது என்றாள். "இருந்தாலும் இருக்கும், இல்லாமலும் போகும்மா. ரெண்டு பேருக்கும் இருந்துட்டா..." என்று ஆரம்பித்தவள், கிளியம்மாளின் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டாள்.

முகூர்த்தத்துக்குப் பதினெட்டு நாள் இருந்தது. பத்திரிகை பாதி கொடுத்தாயிற்று. சொல்லாமல் விட்டுவிடலாம் என்று இரண்டு நாள் நினைத்தாள். பாதிக்குப் பாதிதானே, இவளுக்கு வராமலே போகலாம், அவனுக்கும் வராமலே போகலாம் என்று தேவானந்தமும் சொன்னான். மூன்றாம் நாள் ஜெயஸ்ரீ பள்ளிக்கூடம் விட்டு வந்து, பட்டுப்புடவைக்கு எடுத்த ரவிக்கையைப் போட்டுக் காட்டி, "பின்னாடி இறக்கம் அதிகமாம்மா? அவங்கம்மா ஏதாவது சொல்லுவாங்களா?" என்று கேட்டாள். கிளியம்மாள் அங்கேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

ஜெயஸ்ரீ ரவிக்கையைக் கழற்றாமலே கட்டிலில் உட்கார்ந்தாள்.

"நீ எத்தனை நாளா விழுந்துட்டு இருக்க?"

"ஆனியிலருந்து."

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"நான் தாண்டிட்டேன்னு நெனச்சிகினு இருந்தேண்டி."

மகள் கோபப்பட்டிருந்தால் கிளியம்மாள் தாங்கியிருப்பாள். ஜெயஸ்ரீ போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். அரைமணி கழித்து இறங்கி வந்து, "ஹரி கிட்ட சொல்லிட்டேன். அவங்கம்மா வராங்களாம்" என்றாள்.

கங்கம்மா மறுநாள் காலையிலேயே கொழுந்தனோடு வந்து இறங்கினாள். தண்ணீர்கூட வாங்கவில்லை.

"உங்க வூட்டு பொண்ணுக்கு வியாதின்னா வியாதின்னு சொல்லிட்டு போங்க. எங்க வூட்டுக்காரரு மேல ஏன் போடறீங்க? குடிச்சாரு, செத்தாரு. ஊரே பாத்துச்சி."

"நீ பாத்தியாம்மா, அவரு வாயால குடிச்சத?" கிளியம்மாள் கெஞ்சினாள். "கை நடுங்குச்சா, கால் கோணுச்சா, தண்ணி பொரையேறுச்சா, அத மட்டும் சொல்லு. உன் மாமியாரு தடிக்காரர் வூட்டு ரத்தம்."

"எங்க மாமியாரு எங்க வூட்டுக்கு வந்தப்பறம் எங்க வகையறா. அது உங்களுக்கே தெரியும். தாண்டிட்டு வந்தவள இன்னும் உங்க கணக்குல வச்சிகினு, எம் புள்ள வாழ்க்கைய கெடுக்க வர்றீங்களா?"

போன மாதம்வரை கிளியம்மாள் சொன்னதையே கங்கம்மா சொல்கிறாள். கங்கம்மா கண்ணில் ஒரு சந்தேகம் வந்து போனதையும் பார்த்தாள். அது ஒரு கணம்தான். அடுத்த கணம் கங்கம்மா எழுந்து, நிச்சயத்துக்குப் போட்ட மோதிரத்தைத் திருப்பிக் கேட்டாள்.

ஹரிகரன் ஒரு தடவை ஜெயஸ்ரீக்குப் போன் பண்ணினான். அவள் அவனை ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னாள். பார்க்கலாம் என்றான். அதற்கப்புறம் போன் வரவில்லை. கார்த்திகையில் அவனுக்கு வேங்கைவாசலில் ஒரு பெண்ணோடு நிச்சயம் ஆயிற்று என்று தேவானந்தத்தின் ஆட்டோவில் ஏறின யாரோ சொன்னார்கள்.

"வுட்டுடு. நமக்கு இன்னா?" என்றான் தேவானந்தம்.

கிளியம்மாளுக்கு விட முடியவில்லை. அந்தப் பெண் யார் என்றே தெரியாது. ஆனாலும் மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிளம்புவதை யாரிடமும் சொல்லாமல் வேங்கைவாசலுக்குப் போனாள். அதற்குள் அவளுக்கு ஒரு பக்கம் சுவர் வேண்டியிருந்தது. தெருவில் சுவர் சுவராகப் பிடித்துப் போனாள்.

பெண்ணின் தாயார் வாசலில் வத்தல் காயவைத்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள், மோர் கொடுத்தாள். கிளியம்மாள் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். நாக்கு கொஞ்சம் தடித்துப்போயிருந்ததால் மெதுவாகத்தான் சொல்ல முடிந்தது. அந்தம்மா பொறுமையாகக் கேட்டாள்.

"உங்க பொண்ணுக்குப் பேசி நின்ன இடம்தானேக்கா இது?"

"ஆமாம்மா. ஆனா அதுக்காக வரல."

"வயித்தெரிச்சல் இருக்கத்தான் செய்யும். நானும் பொண்ணு பெத்தவ. ஆனா நாங்க நல்லா விசாரிச்சிட்டோம்க்கா. ஏழு தலைமுறை கேட்டாச்சி. எட்டியாத் தோப்பு வகையறாவுல நீங்க சொல்ற பேரே இல்ல."

"இருக்காதும்மா. அது பொம்பள பேரு."

"மோரு குடிங்க" என்றாள் அந்தம்மா. குரலில் இருந்த இரக்கத்தைக் கிளியம்மாளால் தாங்க முடியவில்லை. பாதி மோரோடு எழுந்தாள். கேட்டு வரைக்கும் அந்தம்மாவே கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்டாள். உள்ளே ஒரு பெண் சிரித்துக்கொண்டு போனில் பேசுகிற சத்தம் கேட்டது. தையில் அவர்கள் கல்யாணம் நடந்தது.

சம்பந்தம் இப்போதும் அடிக்கடி போன் பண்ணுகிறார். இன்னொரு பெண் நினைவுக்கு வந்தது, மணிமங்கலத்துக்குக் கொடுத்தது, இன்னொன்று படப்பையில், என்று. பியூலாவுக்குச் சொல்லச் சொல்கிறார். பதினெட்டு வீடு என்றிருந்த கணக்கு அறுபத்துமூன்றில் வந்து நிற்கிறது. அவர்களில் யாரிடம் போய் யார் சொல்வது, சொன்னால் யார் கேட்பது என்று அவருக்கும் தெரியவில்லை, கிளியம்மாளுக்கும் தெரியவில்லை. பங்குனியில் சக்திவேல் போய்விட்டான். தங்கை போய்த் தலைமாட்டில் உட்கார்ந்தாள். விக்கி மொட்டை போட்டுக்கொண்டு வந்து, "அத்த, ஜெயஸ்ரீ டெஸ்ட்டு எடுத்துச்சா?" என்று கேட்டான். அவனும் எடுக்கவில்லையாம்.

ஜெயஸ்ரீக்கு ஆஸ்பத்திரியில் இரண்டு தடவை தேதி கொடுத்தார்கள். இரண்டுக்கும் போகவில்லை. "தெரிஞ்சு என்னம்மா பண்ணப்போறேன்? தெரியாம இருக்கற நாளாவது என்னுதா இருக்கட்டும்" என்கிறாள். வேறு வரன் பார்க்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டாள். கிளியம்மாள் கட்டாயப்படுத்தவில்லை. ஆமாம் என்று வந்துவிட்டால் பார்க்கிற தைரியம் அவளுக்கும் இல்லை.

காலை எட்டு மணிக்கு மகள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புவாள். பையை மாட்டிக்கொண்டு, வாசலில் செருப்பைப் போட்டு, மூன்று படி இறங்கி, தெருமுனை வரைக்கும் நேராக நடப்பாள். கிளியம்மாள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்று, அவள் பாதத்தையே பார்ப்பாள். இடது கால், வலது கால், எங்கே இறங்குகிறது, நேராக இறங்குகிறதா என்று.

ஒரு நாள் ஜெயஸ்ரீ பாதித் தெருவில் நின்றாள். திரும்பாமலே சொன்னாள்.

"ம்மா, பாக்காத."

"இல்லடி. நான் எங்க பாக்கறேன்?"

"பாக்காதம்மா. நீ பார்த்தா எனக்கு நடக்க வரல."

கிளியம்மாள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். காதில் செருப்புச் சத்தம் தெருமுனை திரும்புகிற வரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒவ்வொன்றாக அதையும் எண்ணினாள்.